எதிராளியின் பக்கம்

"உன் சங்கதி இருக்கட்டும். அவன் என்ன சொல்லுவான்? அதை முதல்ல சொல்லு."

மலைக் கச்சேரியில் நான் டவாலி போட்டுக்கொண்டு நின்ற காலத்தில் தினமும் காதில் விழுந்த பேச்சு இது. சொன்னவர் எங்கள் அதிகாரி. காகிதத்தில் அவருக்குக் கமிஷனர் என்று பெயர். மலையில் நிலத் தகராறு, அடிதடி, காடு, பாதை எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் கச்சேரிச் சாமி என்பார்கள். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், 'என்னைப் பத்தி வேற மாதிரி நினைக்கிறவாளும் உண்டே, அவா பக்கத்தை யார் எழுதறது?' என்று அவரே வந்து கேட்பார் போல் இருக்கிறது.

அவர் வைத்திருந்த முறை இதுதான். பிராது கொண்டுவருகிறவன் தன் நியாயத்தை முதலில் பேசக்கூடாது. எதிராளியின் நியாயத்தை, எதிராளி பேசுவதுபோலவே பேச வேண்டும். பக்கத்தில் நிற்கும் எதிராளி, 'ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்' என்று தலையாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் தன் பக்கம். தலையாட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இப்படிக் கிடையாது என்று குமஸ்தா முணுமுணுப்பார். வக்கீல்கள் ஒரு தரம் மலையேறி வந்தால் மறுதரம் வரமாட்டார்கள்.

அவர் பாலக்காட்டில் ஒரு கோவில் தெருவைச் சேர்ந்தவர். நான் அதற்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கம். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தேன். கச்சேரியில் ஆட்களின் பெயரைக் கூவி அழைப்பது என் வேலை. எனக்கோ நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கவே கூச்சம். முதல் நாள் என் குரல் வராந்தாவைத் தாண்டவில்லை.

"ஏண்டா சித்தூர்க்காரா, ஆளைக் கூப்பிடறயா, ரகசியம் சொல்றயா?"

"கூப்பிடறேனுங்க."

"அவா எல்லாம் எதுத்தாப்பலதானே நிக்கறா? பக்கத்துல போய்ச் சொல்லிக் கூட்டிண்டு வா. போறும்."

அதற்கப்புறம் நான் கூவியதே இல்லை. கூவாத டவாலிக்காரன் வேறு எந்தக் கச்சேரியிலாவது உண்டா என்று தெரியாது.

ஒரு நாள் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் தோட்டத்து லயத்திலிருந்து அடுத்தடுத்த வீட்டுக்காரிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி மற்றவளின் தண்ணீர்ப் பானையை உடைக்க, அதற்கு மற்றவள் இவள் மண்டையை உடைக்க, இவள் நெற்றியில் துணிக் கட்டோடு நின்றாள். சண்டை அடுப்புப் புகையால் வந்தது.

"சாமி, இவ அடுப்புப் புகை பூராவும் எங்க வீட்டுக்குள்ளதான்..."

"அது இருக்கட்டும். அவள் என்ன சொல்லுவா?"

"அவ என்னத்தச் சொல்லுவா, வாயாடி!"

"அந்த வாயால என்ன சொல்லுவாளோ, அதைச் சொல்லு."

கட்டுப் போட்டவள் இடுப்பில் கைவைத்து, அடுத்த வீட்டுக்காரியைப் போலவே கழுத்தை ஆட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். "'எம் புள்ளைக்கு நெஞ்சுச் சளி. தீ அணைஞ்சா தூங்க மாட்டேங்கு. காஞ்ச வெறகெல்லாம் கங்காணி வீட்டுக்குப் போயிருது. ஈர வெறகு எரிச்சா பொகையாம என்ன செய்யும்?'ம்பா." அவ்வளவில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் திரும்பினாள். "ஏட்டி, புள்ளைக்கு இன்னுமா சளி போகல?"

"எங்கிட்டுப் போச்சு!"

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாது? மொளகு ரசம் வச்சுக் குடுத்திருப்பேன்லா?"

"பானைய ஒடச்சவகிட்ட வந்து ரசம் கேக்கவா?"

கச்சேரியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. காய்ந்த விறகு எப்படிக் கங்காணி வீட்டுக்குப் போகிறது என்று விசாரிக்க ஆளை அனுப்பினார்.

இதைப் பார்த்து அவருடைய முறை எல்லோருக்கும் செல்லும் என்று நினைத்தேன். அப்படியில்லை என்பதையும் அங்கேயே பார்த்தேன். முதுகில் தடிப்புத் தடிப்பாக அடி வாங்கிய ஒரு தோட்டக் கூலியாள் வந்தான். அடித்தது அவனை வேலை வாங்கும் கங்காணி. கங்காணியும் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"கங்காணி என்ன சொல்லுவான்?" என்று இவர் கேட்டார்.

அவன் தரையைப் பார்த்தபடி, "அடியும் நான் வாங்கணும், அடிச்சவனுக்குப் பரிஞ்சும் நானே பேசணுமா சாமி?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

கங்காணி மீசையைத் தடவிக்கொண்டான். இவர் மைக்கூட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. மறுநாள் காலையில் தலைப்பாகைகூட இல்லாமல் லயத்துக்கு நடந்தார். கூட நான் மட்டும். வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்து, "உன் பக்கத்தை மட்டும் சொல்லு. போறும்" என்றார். அவன் சொன்னான். அந்த வாரமே கங்காணிக்குத் தண்டனை ஆயிற்று.

திரும்பி வரும்போது, "முறையை ஒடைச்சுட்டேன், கேட்டயா?" என்றார்.

"நல்லதுதானுங்க பண்ணினீங்க."

"ஒருத்தனுக்கு ஒடைச்சா எல்லாருக்கும் ஒடைக்கணும்டா. ஒவ்வொருத்தன் வாசலுக்கும் நடக்க எனக்குக் காலுண்டோ?"

இப்படிப்பட்டவர் உத்தியோகத்தில் எப்படி இவ்வளவு உயரம் வந்தார் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். சென்னையில் பி.ஏ. படித்துவிட்டு, இந்த மலையை ஆண்ட சமஸ்தானத்துத் தலைமைக் கச்சேரியில் நகல் எழுதும் குமஸ்தாவாகச் சேர்ந்தவர். பிறகு கடலோரத்தில் தாசில்தார். பிறகு மாஜிஸ்திரேட். அதற்கப்புறம் இந்த மலை. குமஸ்தாவிடம் கேட்டேன். அவர் சொன்ன காரணம் இது: மேலதிகாரி மனதில் என்ன இருக்கிறது என்பதை, மேலதிகாரி வாய் திறப்பதற்கு முன்பே இவர் அழகாக எடுத்துச் சொல்லிவிடுவாராம். எந்த மேலதிகாரிக்குத்தான் அது பிடிக்காது? அதைக் கேட்டதும் எனக்கு வேறொரு யோசனை வந்தது. எல்லார் பக்கத்தையும் இவ்வளவு நன்றாகச் சொல்கிற இவருக்குத் தன் பக்கம் என்று ஒன்று இருக்கிறதா? இருந்தால் அதை யாரிடம் சொல்வார்?

அவர் வீட்டம்மாவிடம் ஒரு தரம் தைரியமாகக் கேட்டுவிட்டேன், இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று. அம்மா பின்கட்டில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு இழுப்பு. மலைக் குளிரில் நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதுக்கு மூச்சு வாங்கும்.

"கல்யாணம் ஆனப்பவே இப்படித்தான். எங்க மாமியார் என்னைத் திட்டினா, எங்கிட்ட வந்து மாமியார் பக்கத்தைச் சொல்லுவர். மாமியார்கிட்டப் போய் என் பக்கத்தைச் சொல்லுவர். கடைசில நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துண்டு இவரைத் திட்டினோம்."

சிரித்ததில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. அடங்கிய பிறகு, "குளிர் தாங்கலை, கீழே போயிடலாம்னு சொன்னேன். குளிரோட பக்கத்தைச் சொல்லுங்கறார். குளிருக்கு ஏது வாய்? எனக்கானா மூச்சு முட்டறது" என்றார்.

கீழே போவதற்கு ஒரு வழி அப்போது திறந்திருந்தது. திவான் பேஷ்கார் வேலை ஒன்று காலியாகியிருந்தது. ஒரு டிவிஷன் முழுவதற்கும் தலைமை. சமவெளியில் பெரிய பங்களா. அடுத்தது இவர்தான் என்று தலைநகரில் பேச்சு. பென்ஷன் வயது நெருங்கிவிட்டதால், இந்தத் தரம் தவறினால் மறுதரம் கிடையாது. கோவில் தெருவில் யார் வீட்டு மாப்பிள்ளை தாசில்தார், யார் வீட்டுப் பிள்ளை பேஷ்கார் என்பதெல்லாம் பெண்களுக்கு நாக்கு நுனியில் இருக்கும். ஆனால் அம்மாவுக்கு அந்தப் பெருமை வேண்டியிருக்கவில்லை. சமவெளியில் ஒரு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் பாதை வழக்கு வந்தது. வட்டவடை ஜனங்கள் பூண்டுப் பொதியைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். அவர்கள் காலங்காலமாக நடந்த சரிவை ஒரு தோட்டக் கம்பெனி வாங்கித் தேயிலை நட்டது. தோட்டத்துத் துரை பாதையில் ஒரு கேட் போட்டுப் பூட்டிவிட்டார். மேட்டைச் சுற்றிக்கொண்டு போன கழுதைகள் பொதியோடு பள்ளத்தில் விழுந்தன. ஒரு ஆளும் விழுந்து கால் ஒடிந்தான். ஊர்ப் பெரியதனக்காரர் பிராது கொடுத்தார்.

பெரியதனக்காரர் முறைப்படி துரையின் பக்கத்தை ஏதோ சொல்லி முடித்தார். துரை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை; மறுக்காததே போதும் என்று இவர் விட்டுவிட்டார். பிறகு துரையின் முறை; எதிராளிக்கும் அதே விதிதான். இவர்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்று இவர் ஆங்கிலத்தில் கேட்டார். துரை முகம் சிவந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். 'நான் பள்ளிக்கூடப் பையன் இல்லை' என்று துரை ஆங்கிலத்தில் சொன்னதாகக் குமஸ்தா பிறகு சொன்னார். இவர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு, அன்றைக்கே கேட்டைத் திறக்க உத்தரவு போட்டார்.

துரை தலைநகருக்கு எழுதினார். விசாரிக்க ஒரு பெரிய அதிகாரி வந்தார். பேஷ்கார் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால் அவர் வார்த்தைக்குத்தான் மதிப்பு. இதிலே ஒரு சங்கடம். வந்தவரும் இவர்களுடைய ஜாதி, ஆசாரக்காரர். மலையில் அவர் சாப்பிடக்கூடிய வீடு இவர் வீடு ஒன்றுதான். குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டிலேயே விசாரிக்க வந்தவருக்கு இலை போட வேண்டியதாயிற்று. இவர் வீட்டம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இலைல உக்காந்தப்பறம் கேஸைப் பத்தி ஒரு வார்த்தை கூடாது. மனசிலாச்சா?"

"நான் பேசலை. நீங்க பேசுங்கோ. இன்னிக்கு ஒரு நாள் நம்ம பக்கத்தை மட்டும் பேசிட்டு வாங்கோ" என்றார் அம்மா.

"பாப்போம்" என்று தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே கிளம்பினார்.

துரை ஒரு வக்கீலோடு வந்திருந்தார். வட்டவடை ஜனங்கள் வராந்தா கொள்ளாமல் நின்றார்கள். அவர்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே பேச அனுமதி கேட்டுக்கொண்டு இவர் எழுந்தார். "துரை சொல்ல வேண்டியதை முதல்ல சொல்லிடறேன்" என்றார்.

அந்தச் சரிவுக்குக் கம்பெனி முறையான பத்திரம் வைத்திருக்கிறது என்றார். கழுதைகள் இளந்தேயிலையை மிதிக்கின்றன என்றார். குளிருக்குப் பொதிக்காரர்கள் மூட்டிய தீயில் ஒரு பாத்தி கருகியது என்றார். இதில் பாதி துரையின் மனுவிலேயே இல்லாதது. துரையின் வக்கீல் முதலில் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு வேகமாக எழுத ஆரம்பித்தார். கடைசியாக இவர் சொன்னதை என்னால் மறக்க முடியாது.

"ஒரு கூலியாள் பேச மாட்டேன்னு எழுந்து போனப்போ, இந்த அதிகாரி அவன் லயம் வரைக்கும் நடந்து போய்க் கேட்டார். துரை எழுந்து போனப்போ பங்களா வரைக்கும் நடக்கலை. ஏன்? துரைக்குச் சொல்ல நியாயமே இருக்காதுன்னு மனசுக்குள்ளேயே தீர்ப்புப் பண்ணிட்டார். தன்னோட முறையைத் தானே மீறினார். துரையோட பக்கம் இதாக்கும்."

வக்கீல் காதோடு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, துரை புகைச் சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். இவர் அவர் பக்கம் திரும்பி நின்றார். துரை மெதுவாகத் தலையாட்டினார்.

பெரியதனக்காரர் என் காதைக் கடித்தார். "என்னய்யா, இவரு நம்மாளா, அவுக ஆளா?"

"நம்மாளுதானுங்க."

"பேசுறதப் பாத்தா அப்பிடித் தெரியலையேய்யா. சாயங்காலமே கேட்டைப் பூட்டிருவாக போலருக்கே!"

இவர் தன் பக்கத்தை ஆரம்பிக்கத் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் விசாரணை அதிகாரி எழுந்துவிட்டார். மூடுபனி இறங்குவதற்கு முன்னால் மட்டக் குதிரையில் கீழே போய்ச் சேர வேண்டும். "போறும். எல்லாம் கேட்டாச்சு. சாப்பிட்டுட்டுக் கிளம்பணும்" என்றார்.

சாப்பாட்டுக்கு நானும் பின்னால் போனேன். விருந்தாளியின் குடையும் கோட்டும் என் கையில் இருந்தன. பின்கட்டு முற்றத்தில் நின்றுகொண்டேன். உள்ளே பேச்சில்லை. குழம்பு போயிற்று, ரசம் போயிற்று. விருந்தாளிக்கு மோர் விடும்போது கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஒண்ணு கேக்கலாமோ? எங்காத்துப் பக்கத்தை இவர் சொன்னாரா?"

விருந்தாளி, "சொல்லலையே" என்றார்.

"அப்போ நான் சொல்றேன்."

"ஒரு வார்த்தை கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்றார் இவர். பிறகு அவருக்கே பழக்கம் விடவில்லை. "அப்படியே சொல்றதுன்னாலும், முதல்ல அவா பக்கத்தைச் சொல்லணும்."

"அதைத்தான் நீங்க காலம்பறேர்ந்து சொல்லியாச்சே! இனி என் முறை."

அம்மா சொன்னார். நடுநடுவே மூச்சு விசிலடித்தது. "அந்த வழி இவர் உண்டாக்கினதில்லை. தோட்டம் வரதுக்கு முன்னாடியே உள்ளது. பூட்டினப்பறம் கழுதைகள் விழுந்தது. ஒருத்தனுக்குக் கால் போச்சு. மறுநாள் சந்தை. துரையைப் போய்ப் பாத்து, அவர் சமாதானமாகி வரவரைக்கும் காத்திண்டிருந்தா, இன்னொருத்தன் விழுந்திருப்பான். அதனால அன்னிக்கே தொறக்கச் சொன்னார். துரைமேல விரோதம் ஒண்ணும் கிடையாது. இவ்வளவுதான்."

விருந்தாளியின் கை இலையிலேயே இருந்தது. "ஓய், இதை ஏன் கச்சேரில சொல்லலை? அம்மா சொல்றது சரிதானே?"

இவர் யோசித்தார். எனக்கு அந்த யோசனையே பயமாக இருந்தது.

"சரிதான். ஆனா ஒண்ணை விட்டுட்டா. விழுந்த கழுதைல ஒண்ணு ஏற்கெனவே நொண்டி. துரை அதைச் சொல்லுவார்."

உள்ளே பாத்திரம் ஒன்று ணங்கென்று தரையில் உட்கார்ந்தது. அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். இவர் இலையில் மோர் விழவில்லை. விருந்தாளிதான் கூப்பிட்டார். "அம்மா, இவருக்கு மோர் விட மறந்துட்டேளே."

"மறக்கலை. மோர் வேணும்னா, ஏன் வேண்டாம்கறதை முதல்ல சொல்லச் சொல்லுங்கோ."

விருந்தாளி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. கையலம்ப வந்தபோதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். இவர் மட்டும் வெறும் சாதத்தைப் பிசைந்தபடி மெய்யாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. பாதை திறந்தே இருக்கலாம். பேஷ்கார் வேலை வேறொருவருக்கு. தபாலைப் பின்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போனவன் நான்தான். அவர் படித்தார். அம்மாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வேலை கிடைத்தவருக்கு இருக்கிற தகுதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்: வெள்ளச் சமயத்தில் அவர் செய்த வேலை, கணக்கில் அவருடைய நாணயம், இவரைவிட அவருக்கு இருக்கும் பொறுமை. கேட்டால் அந்த மனிதருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியிருக்கும்.

அம்மா குறுக்கே பேசவில்லை. போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். அவர் முடித்ததும், "சரி. அவர் பக்கம் ஆச்சு. இனி உங்க பக்கத்தைச் சொல்லுங்கோ" என்றார்.

அவர் வந்த காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எனக்கும் வேணும்னுதான் இருந்தது" என்றார்.